அலையில்லாத தண்ணி

இல்ல மாமா, தண்ணியப் பாக்காதீங்க. சொல்றேன்ல, பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாருங்க. அவசரத்துல தல கூட சீவாம ஓடி வந்தேன், பாக்குற மாதிரி இருக்காதுதான், பரவால்ல, பாருங்க. ஆங், அப்படித்தான். இப்ப நான் உங்க தோல் படக, இந்தக் கயாக்கப் புடிச்சிருக்கேன். உங்களுக்கு முன்னாடி குறுக்கால ஒரு தோல் வாரு ஓடுதுல்ல, அது என் கைக்குள்ள இருக்கு. என் துடுப்ப ரெண்டு கயாக்குக்கும் மேல குறுக்கப் போட்டாச்சு. இனி கவுக்கணும்னு நீங்களே நெனச்சாலும் கவுக்க முடியாது. ரெண்டும் சேந்து கட்டிலாட்டம் கெடக்கு. புரியுதா? தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்.

என்னது, தண்ணி உள்ள வந்துருச்சா? யாரு சொன்னா உங்களுக்கு? காலு சில்லுன்னு இருக்கா. முட்டி வரைக்கும் ஏறுதா. மாமா, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. தண்ணி வந்திருந்தா கயாக் அமுங்கியிருக்கும்ல? அமுங்கல. நான் பக்கத்துலயே இருந்து பாக்குறேன்ல, நான் எதுக்குப் பொய் சொல்லணும்? கயாக்கோட முன்பக்கம் மேல தூக்குற மாதிரி இருக்கா? வானத்தப் பாத்து ஏறுற மாதிரி? அப்புறம் கயாக் மெலிஞ்சுக்கிட்டே போகுதா, குச்சி மேல உக்காந்த மாதிரி? சரியாப் போச்சு. அதேதான். உங்களுக்குக் கிறக்கம் புடிச்சிருக்கு. கயாக் கிறக்கம். செத்துப் போயிட மாட்டீங்க.

வெக்கப்பட என்ன இருக்கு இதுல? கடல்நாய் வேட்டையில பேரெடுத்தவனுக்கெல்லாம் வந்திருக்கு. பயந்தாங்கொள்ளிக்கு வர்ற சீக்கு இல்ல இது. புயல்ல ஒருத்தனுக்கும் வராது, தெரியுமா? அலை அடிக்கும், மனுசன் அதோட மல்லுக்கட்டுவான், கிறக்கத்துக்கு எங்க நேரம்? இந்த மாதிரி நாள்லதான் வரும். காத்தே இல்ல. வெயிலு நேரா மூஞ்சில அடிக்குது. தண்ணி எது வானம் எதுன்னு தெரியல. கைய மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்தோம்னு வைங்க, வந்து ஏறிக்கும். நீங்க என்ன பண்ணுனீங்க? அழகா இருக்குன்னு கொஞ்ச நேரம் நின்னீங்க. அம்புட்டுதான். நல்லா இருக்குன்னு நின்னவனத்தான் அது புடிக்கும்.

ஐயோ, அது ஒண்ணும் இல்ல. தண்ணியில மெதக்குற பனிமலைதான். அங்க திரும்பாதீங்க. நீங்க வர்றப்பவும் அங்கதான நின்னுச்சு? காலையிலேர்ந்து வெடிச்சுக்கிட்டேதான் இருக்கு, எங்க சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. சரி, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். அது ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. பொரண்டுச்சுன்னா கிளம்புற அலை நம்ம ரெண்டு பேரையும் அள்ளிக்கிட்டுப் போயி அந்தக் கரும்பாறையில அடிச்சிரும். இன்னைக்கே பொரளும்னு இல்ல, அடுத்த வாரம் வரைக்கும் கூட நிக்கும். ஆனா அத நம்பி நாம இங்க உக்காந்திருக்க முடியாதுல்ல? நகரணும். நகரணும்னா உங்க இடுப்பு வேல செய்யணும். இடுப்பு வேல செய்யணும்னா காலு வேணும். அதனால கால்லேர்ந்து ஆரம்பிப்போம்.

நான் இழுத்துட்டுப் போறதா? போலாம்தான். ஏன் போக முடியாது? ஆனா அது எதுக்கு மாமா? ஊர்ல மிச்சம் இருக்குறது பூரா கெழடு கட்டைங்க, எல்லாம் ஜன்னல்லதான் உக்காந்திருக்கும். தபீத்தா மவன இந்த பிபியானா கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாளாம்னு காப்பிக்குக் காப்பி பேசுவாங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆகி, புள்ள பொறந்து, அதுக்கும் கல்யாணம் ஆகுற வரைக்கும் பேசுவாங்க. வேண்டாம். நீங்களே துடுப்புப் போட்டு வாங்க. நான் கூடவே வர்றேன்.

மோட்டார் படகா? எங்க இருக்கு? ஆம்பளைங்க பூரா பனிமான் வேட்டைக்கு உள்நாட்டுப் பக்கம் போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரரும் போயிட்டாரு, அமாண்டுஸ். உங்க புள்ளதான், போறப்ப உங்ககிட்ட சொல்லிட்டுத்தான போனாரு. போனு எங்கிட்ட இல்ல. உங்களுது? கரையில ஜாக்கெட்டுக்குள்ள. நல்ல எடம். சரி விடுங்க. கால் விரலு. கால் விரல ஆட்டுங்க.

உணர்வே இல்லையா? உணர்வு இருக்கான்னா நான் கேட்டேன்? ஆட்டுங்கன்னேன். இருக்குதா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம். கட்ட விரல் மட்டும். பூட்சுக்குள்ள அத மடக்கி விடுங்க, மடக்கி விடுங்க. ரெண்டு காலையும் சேத்து வேண்டாம், ஒண்ணொண்ணா. இடது. வலது. இடது. நான் எண்ண மாட்டேன், எண்ணுனா உங்களுக்குத் தூக்கம் வந்துரும். வந்துச்சா? ஊசி குத்துதா? நல்லது! குத்தட்டும்! செத்த காலு குத்துமா? குத்துனா உசுரு இருக்குன்னு அர்த்தம்.

இப்ப குதிகால். உள்ள ஒரு குறுக்குச் சட்டம் இருக்குல்ல, அதுல குதிகால ஊனி ஒரு உதை. மெல்ல. கயாக்க ஒடைச்சுராதீங்க, குளிர்காலம் பூரா செஞ்சீங்க. இன்னொரு உதை. ம்.

இப்ப முட்டி. தொடைக்கு மேல வளைஞ்ச கட்டை ஒண்ணு இருக்குல்ல, அதுல முட்டிய அமுக்கணும். இடது முட்டிய மேல, விடு. வலது முட்டிய மேல, விடு. என்ன, முட்டி ஏற்கனவே கட்டையிலதான் இருக்கா? எடமே இல்லையா? எங்க, தொடைக்கும் கட்டைக்கும் நடுவுல விரல் போகுதா, வுட்டுப் பாருங்க. போகலையா. எனக்குத் தெரியும் மாமா. அமாண்டுஸ்தான அளவு குடுத்தாரு?

அதான். அன்னைக்கே நான் கத்துனேன். எங்க மாமனாரு செத்துப் போன இலையுதிர்காலம் முடிஞ்சு, அந்தக் குளிர்லயே நீங்க பொறந்தீங்க. தபீத்தா அவரு பேர உங்களுக்கு வச்சா. உல்லோரியாக்னு. செத்தவங்க பேர வச்சா அவங்களே திரும்பி வந்ததாத்தான நம்ம ஊர்ல கணக்கு. அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு, எவ்வளவு பெரிய ஆம்பள, உங்கள மடியில வச்சுக்கிட்டு அப்பா வந்துட்டியான்னு ஓன்னு அழுதாரு. அதுலேர்ந்து நீங்க அவருக்கு அப்பா, எனக்கு மாமனாரு. மாமனாருக்கு ஜட்டி மாத்துன மருமவ இந்த உலகத்துல நான் ஒருத்திதான் இருப்பேன். எல்லாம் சரி. ஆனா பேருதான மாமா வந்துச்சு, இடுப்புமா வந்துச்சு? அவரு என் தோள் உயரம். ரெண்டு கையால இடுப்பப் புடிச்சா விரலும் விரலும் தொடும். நீங்க எங்க வீட்டு வாசல்ல குனிஞ்சு வர்றவரு. உங்களுக்குப் போயி அவரோட பழைய கயாக்க அளந்து அதே அளவுல செய்யச் சொல்றாரு. அப்பா கயாக் அப்பாவுக்குச் சேராதாங்குறாரு. நான் சொன்னேன், கைய விரிச்சு அளங்க, உக்கார வச்சு இடுப்ப அளங்க, ரெண்டு பக்கமும் விரல் எடம் விடுங்கன்னு. உனக்கு ஒண்ணும் தெரியாது போடின்னுட்டாரு. நீங்களும் வாய மூடிக்கிட்டு அதையே செஞ்சிருக்கீங்க. ஏன் மாமா? உங்க காலு எம்புட்டு நீளம்னு உங்களுக்குத் தெரியாதா?

மனசு வரலையா. அவரு மொகத்தப் பாத்துட்டு சொல்ல முடியலையா. அடப் பாவமே.

சரி, அழுகாதீங்க. அழுதா மூக்கு ஒழுகும், தொடைக்கக் கை எடுக்கணும். காலையில உள்ள எறங்குறப்ப எப்படி எறங்குனீங்க? எண்ணெய் தடவியா? அப்படித்தான் இருக்கும். சரி, இருக்குற எடத்துல பாத்துக்கலாம். கீழ என்ன போட்டு உக்காந்திருக்கீங்க? மான் தோலா? எத்தன மடிப்பு? மடிச்சா போட்டிருக்கீங்க! அதத்தான் மொதல்ல எடுக்கணும். அது உங்கள மேல தூக்குது, தூக்கித் தொடைய கட்டையில அழுத்துது, ரத்தம் எறங்கல. எறங்காத காலுக்குத்தான் தண்ணி ஏறுது தண்ணி ஏறுதுன்னு தோணும்.

ஒரு பக்கம் குண்டியத் தூக்குங்க. சிரிக்காதீங்க. இல்ல, சிரிங்க, சிரிக்கிறது நல்லது. மருமவ வாயில இது வர வேண்டிய பேச்சில்லதான், என்ன பண்றது. வலது பக்கம் தூக்குங்க, சட்டைய இடுப்புல தளத்திக்கிட்டு கைய உள்ள விட்டு இழுங்க. நான் புடிச்சிருக்கேன். ஆடுனா என்ன, ஆடட்டும், ரெண்டும் சேந்துதான ஆடும். ஆங், வருது, வருது. இன்னொரு பக்கம். இழுங்க. வந்துருச்சா? அப்பாடா. அத எங்கிட்ட நீட்டாதீங்க, உங்க பின்னாடியே சொருகிக்குங்க. என் கை வேலையா இருக்குல்ல.

இப்ப முட்டிக்கு எடம் வந்துச்சா? கொஞ்சமாவது? போதும். கொஞ்சம் போதும். இப்ப அமுக்குங்க. இடது. விடு. வலது. விடு. மூச்ச அடக்காதீங்க, மூச்ச அடக்கிட்டு அமுக்குனா கக்கூஸ்ல உக்காந்த மாதிரிதான் ஆகும்.

மறுபடி வெடிக்குது. திரும்பாதீங்கன்னா திரும்பாதீங்க! நான் பாத்துக்கறேன். என் கண்ணு அங்கதான் இருக்கு. அங்கயும் உங்க மூஞ்சியிலயும்தான் இருக்கு. ஒண்ணும் ஆகல. ஓரத்துல கொஞ்சம் உதுந்துச்சு, அம்புட்டுதான்.

பசிக்குதா? பசிக்கலன்னாலும் திங்கணும். மெல்ற வாயிக்கு பயம் ஏறாது. என் முன்னாடி பையில காஞ்ச மீன் இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க. கைய நீட்டுங்க. எட்டும், எட்டும், இடுப்பத் திருப்புனா எட்டும். தோள மட்டும் நீட்டாதீங்க, இடுப்புலேர்ந்து திரும்புங்க, வயித்த முறுக்கித் திரும்புங்க. பாத்தீங்களா, எட்டுதுல்ல? இதுக்குத்தான் மீனு. நீங்க திரும்புறதுக்குத்தான். ஒண்ணு எனக்கும் குடுங்க. வாயில வச்சுவிடுங்க, என்ன கெட்டுப் போச்சு? உங்க வாயில நான் எத்தன தடவ ஊட்டியிருக்கேன். ம். நல்லாருக்குல்ல? தபீத்தா காய வச்சதுதான். உங்கம்மா அவ, அப்படின்னா எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டி முறை. என்ன விட சின்னவ. அவள முறை சொல்லிக் கூப்பிட்டா காப்பிக் கோப்பையத் தூக்கி வீசுவா.

மாமா, என் கயாக் முன்பக்கம் நேரா இருக்கா? தண்ணி மட்டத்துக்கு? சும்மா கேட்டேன். நீங்க வேற எங்கயாச்சும் பாக்கணும்ல, அதுக்காகக் கேட்டேன். நேராத்தான இருக்கு? சரி. நேராத்தான் இருக்கும்.

இப்ப மல்லாக்கப் படுக்கணும். ஆமா, இங்கயேதான். கயாக்கோட பின்பக்கம் சாஞ்சு, முதுகு பூரா தோல் மேல படற மாதிரி. தொடையில இருக்குற நரம்பெல்லாம் விட்டுக் குடுக்கும். அப்புறம் முக்கியமா, தண்ணி கண்ணுக்குத் தெரியாது, வானம் மட்டும்தான் தெரியும். சாயுங்க. நான் விட மாட்டேன். மாமா, நான் விடவே மாட்டேன், அந்தப் பயமே உங்களுக்கு வேண்டாம். மெல்ல. கழுத்த விடுங்க. தாடைய விடுங்க. கண்ண மூடாதீங்க. மேகம் இருக்கா? இல்லையா. காக்கா குருவி ஏதாச்சும்? கடல்புறா ஒண்ணா. எந்தப் பக்கம் போகுது? அதையே பாத்துக்கிட்டு இருங்க.

நான் கயித்துல தொங்குறத நீங்க பாத்திருக்கீங்கல்ல? எங்க வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு கம்பத்துக்கு நடுவுல இழுத்துக் கட்டியிருக்கே, அதுல. கயிறு மேல ஏறி உக்காந்து சுத்துறது, காலக் கோத்துக்கிட்டு பொரள்றது, முதுகுக்குப் பின்னாடி கையக் கட்டிக்கிட்டு சுத்துறது. என் வயசுல யாரு பண்றா, சொல்லுங்க. தலைநகரு நூக்ல கயித்துப் போட்டியில நின்னப்ப கூட இருந்த பொண்ணுங்க எம் மவ வயசு. நான் மூணாவதா வந்தேன்னு எல்லாரும் கைதட்டுனாங்க, எனக்கு ஆத்திரமா வந்துச்சு. அமாண்டுஸ் ஒரு தடவ ஏறுனாரு, வயிறு கயித்துல மாட்டிக்கிச்சு, எறக்க ரெண்டு பேரு தேவப்பட்டாங்க. அந்தக் கயிறுதான் மாமா கயாக்குக்குப் பாதி. உள்ள ஒக்காந்தா இடுப்புக்குக் கீழ ஒண்ணும் அசையாது, மேல இருக்குறது பூரா அசையணும். முதுகு விறைச்சவன் கயாக்ல மரக்கட்டை. கட்டைக்கு அலையும் ஒண்ணுதான், கரையும் ஒண்ணுதான்.

என் கயாக்கா? என் கயாக்குக்கு என்ன குறை. அமாண்டுஸ் என்ன மூணு தடவ உக்கார வச்சு அளந்து செஞ்சாரு. அப்பாவுக்கு அளக்காத மனுசன் பொண்டாட்டிக்கு அளந்தாரு பாருங்க. மெத்தை மேல உக்காந்த மாதிரி இருக்கும். எங்கயும் புடிக்காது, எங்கயும் உறுத்தாது. நாள் பூரா உக்காரலாம்.

இல்ல, நான் செஞ்சு காட்ட மாட்டேன். எதுக்குக் காட்டணும்? உங்களுக்குத் தெரியாததா? நான் சாஞ்சா உங்கள யாரு புடிக்கிறது? எழுந்திரிங்க. வயித்த இறுக்கி எழுந்திரிங்க, கையால தள்ளாம. வந்துட்டீங்களே! பாருங்க, இப்ப மூஞ்சில ரத்தம் ஓடுது. வந்தப்ப இருந்த நெறம் என்ன தெரியுமா? பனிமான் கொழுப்பு நெறம். இப்ப மனுச நெறம்.

முன்னாடி குனியுங்க. நெஞ்சு கயாக்ல படணும். படாதா? எவ்ளோ படுதோ அவ்ளோ. முதுகு சொடக்கு விடுதா. எனக்கே கேட்டுச்சு. இப்ப துடுப்ப எடுங்க. எடுக்க வேண்டாம், சும்மா கையில புடிங்க. தண்ணியில வைங்க. பாக்காம வைங்க. நுனி தண்ணியில பட்டதும் சின்னதா ஒரு தட்டு. தண்ணி கலையட்டும். கண்ணாடிய ஒடைங்க மாமா, இவ்வளவு நேரமா நம்மள முறைச்சுக்கிட்டு கெடக்கு. இன்னொரு தட்டு. இந்தப் பக்கம் ஒண்ணு. ஆங்!

முன்பக்கம் எறங்கிருச்சா? எறங்கிருச்சா! கயாக் கயாக்காட்டம் இருக்கா? காலு? ரெண்டும் இருக்கா? தொட்டுப் பாருங்க. உங்க காலுதான? வேற யாரோடதும் இல்லையே?

சிரிக்கிறீங்க. நல்லா சிரிங்க. ஐயோ, எனக்கு இப்பதான் மூச்சு வருது. தபீத்தா மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு நெனச்சேன். உங்க புள்ளைக்கு என்ன பதில் சொல்றது? ஒரு தடவ அப்பனத் தூக்கிக் குழியில வச்சவரு அவரு. இன்னொரு தடவ வைக்கச் சொல்ல முடியுமா? கரையில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். தூரத்துல உங்க கயாக். முதல்ல பாத்தேன், நல்லா போறாரேன்னு சந்தோசப்பட்டேன். ஒரு சட்டைய மாட்டிட்டுப் பாத்தேன், அதே எடம். ஒரு போர்வைய மாட்டிட்டுப் பாத்தேன், அதே எடம். துடுப்பு அசையல. துணியக் கூடையோட போட்டுட்டு வந்தேன். வர்ற வரைக்கும் ஒரு தடவ கூட நிக்கல.

ஆமா, போலாம். பாருங்க, அந்தப் பக்கம் தண்ணி சிலிர்க்குது, காத்து கொஞ்சம் வருது. இதுதான் நேரம். பனிமலைக்கு இந்தப் பக்கமா போகாம, சுத்தி, பாறைக்கு மேல்பக்கமா போயிருங்க. துடுப்ப கெட்டியாப் புடிக்காதீங்க, கோழிக்குஞ்ச புடிக்கிற மாதிரி. இடுப்பு ஆடட்டும். அப்பப்ப விரல ஆட்டிக்கிட்டே இருங்க. சும்மா மட்டும் நிக்காதீங்க. அழகா இருக்குன்னு மட்டும் நிக்காதீங்க.

கையவா? வாருலேர்ந்து கைய எடுக்கணும், ஆமா. நான் புடிச்சுக்கிட்டா நீங்க எப்படிப் போவீங்க. எடுக்குறேன்.

எடுக்குறேன் மாமா. இருங்க.

வரல. விரல் தெறக்க மாட்டேங்குது. அத விடுங்க, கை கூட பரவால்ல. இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்ணுமே இல்ல மாமா. காலு எங்க இருக்குன்னே தெரியல. உங்க பக்கத்துல வந்து துடுப்ப நிறுத்துனேன்ல, அப்பவே புடிச்சுக்கிச்சு. வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். நின்னேன், போச்சு. நான் சொன்னேன்ல ஒவ்வொண்ணா, விரல ஆட்டு, முட்டிய அமுக்குன்னு, நீங்க பண்ணப் பண்ண நானும் உள்ள பண்ணிப் பாத்தேன். உங்களுக்கு வந்துச்சு. எனக்கு வரல. எனக்குத் தோலும் புடிக்கல, கட்டையும் அழுத்தல. சொகமாத்தான் உக்காந்திருக்கேன். அப்படியும் முன்பக்கம் மேல போயிக்கிட்டே இருக்கு, இப்பவும் போகுது, வானத்துல பாதி தூரம் போயிருச்சு.

முதல் தடவ இல்ல. முன்னாடியே ஒரு தடவ புடிச்சிருக்கு, அதுக்கப்புறம் நான் கயித்துலதான் சுத்துறேன், தண்ணிக்கு வர்றதில்ல. எங்க வீட்டுக்காரரு கிட்ட முட்டி வலின்னு சொல்லி வச்சிருக்கேன். அதெல்லாம் இப்ப எதுக்கு. நீங்க பயந்துறாதீங்க. நீங்க பயந்தா ரெண்டு பேரும் போயிருவோம். நான் பயப்படுறேன், ஒருத்தரு போதும்.

என் முன் வாருல கயிறு சுத்தி வச்சிருக்கேன், உங்கள இழுக்கலாம்னு கொண்டு வந்தது. அத எடுங்க. உங்க பின்பக்க வாருல கட்டுங்க, இடுப்பத் திருப்புங்க, இப்பதான் நல்லா திரும்புதே. குட்டையாக் கட்டுங்க. என் கயாக் உங்க கயாக்க தொட்டுக்கிட்டே வரணும். இடிக்கட்டும், பரவால்ல, இடிச்சாத்தான் நல்லது. அப்புறம் என் கைய நீங்களே எடுங்க. விரல் விரலா. நோவாது, உரிச்சு எடுங்க. எடுத்து என் துடுப்பு மேல வச்சு அழுத்திவிடுங்க, அதுவா புடிச்சுக்கும்.

ஜன்னல்ல பாக்கட்டும். மாமனாரு மருமவள இழுத்துட்டு வந்தாருன்னு பேசட்டும்.

ஒண்ணே ஒண்ணு மாமா. போறப்ப பேசிக்கிட்டே போங்க. இவ்வளவு நேரமா நான் எதுக்குப் பேசுனேன்னு நெனச்சீங்க? வாய மூடுனா தண்ணி முட்டிக்கு ஏறுது. இப்ப நாக்கு வறண்டு போச்சு, இனி என்னால முடியாது. நீங்க பேசுங்க. எதையாச்சும். நீங்க வேலைக்குப் போற ஃபேக்டரியில எவன் கூட சண்டை, எவளப் புடிச்சிருக்கு, உங்கம்மாவப் பத்தி கோள் சொல்லுங்க, பொய்யக் கூட சொல்லுங்க. நிறுத்தாம, சத்தமா, திரும்பிப் பாக்காம பேசுங்க. நான் கேட்டுக்கிட்டே வர்றேன்.

ம். ஆரம்பிங்க.